வேன்கார அண்ணனின் இமைகள்

அவருடைய பெயர் எனக்குத் தெரியும். வேனில் வந்த யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை என்பதால் நானும் இங்கே சொல்லவில்லை. எல்லோருக்கும் அவர் வேன்கார அண்ணன். முதுகுக்குப் பின்னால் தூங்குமூஞ்சி. இரண்டு பெயரும் அவர் காதில் விழுந்திருக்கும். இரண்டுக்கும் அவர் முகம் ஒரே மாதிரிதான் இருந்தது.

குண்டடத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில்தான் வேன் கிளம்பும். பனியன் கம்பெனி அருள்புரத்தில். வழியில் ஊர் ஊராக நிறுத்தி, தையலுக்கும் செக்கிங்குக்கும் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். முதலில் ஏறுகிறவள் நான். பின்சீட்டில் உட்கார்ந்தால் எனக்கு வாந்தி வரும். அதனால் டிரைவருக்குப் பக்கத்து சீட்டை எனக்கென்றே விட்டுவிட்டார்கள். அப்படித்தான் அவர் முகத்தைப் பல வருடங்கள் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போனேன்.

இடது கண்ணின் மேலிமை அவருக்குப் பிறவியிலேயே பாதிக்கு இறங்கியிருந்தது. வயது ஐம்பதை நெருங்கியபோது வலது இமையும் மெல்ல இறங்கத் தொடங்கியது. நேராகப் பார்த்தால் ரோட்டின் கீழ்ப்பாதிதான் தெரியும். அதனால் மோவாயைத் தூக்கி, தலையைப் பின்னால் சாய்த்து, புருவத்தை நெற்றிக்கு ஏற்றி, இமைக்கு அடியில் மிஞ்சிய இடுக்கு வழியாகப் பார்த்து ஓட்டுவார். நெற்றியில் வரி வரியாகச் சுருக்கம் விழுந்து அப்படியே நின்றுவிட்டது. மத்தியானத்துக்கு மேல் தலைவலி வரும். தெரியாதவர்கள் பார்த்தால், சீட்டில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டே ஓட்டுகிறார் என்றுதான் நினைப்பார்கள்.

புதிதாகச் சேரும் பெண்கள் முதல் நாள் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு வருவார்கள். சிவகங்கைப் பக்கமிருந்து பிழைக்க வந்த ஒரு பெண் என் தோளைத் தட்டி, "யக்கா, டிரைவரு உறங்குறாருக்கா, எழுப்பி விடுங்கக்கா" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே, "பாத்துட்டுத்தானுங்க இருக்கறேன்" என்றார். அவ்வளவுதான். பிறவியிலேயே இப்படி என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருந்தால் அந்தப் பெண் நிம்மதியாக உட்கார்ந்திருப்பாள். சொல்ல மாட்டார். தன் முகத்தைப் பார்த்து யார் என்ன நினைத்தாலும் அதைத் திருத்தப் போகாத மனிதர் அவர்.

ஒரு முறை ஓவர்லாக் தைக்கிற பெண் ஒருத்திக்கு வேனிலேயே பிரசவ வலி எடுத்துவிட்டது. மாதம் இன்னும் இருந்தது. பின்னால் ஒரே அழுகை. அவர் வேனைத் திருப்பி ஆஸ்பத்திரிக்கு விட்டார். எப்போதும் போகிற வேகம்தான். "என்ன மனுசனுங்க இவரு, சித்த வெரசலாத்தான் ஓட்டுனா என்ன" என்று பின்னாலிருந்து திட்டினார்கள். குழியில் விழுந்து வேன் குலுங்காமல் ஒவ்வொரு குழியாகப் பார்த்து ஒதுக்கி ஓட்டுகிறார் என்பது முன்சீட்டில் இருந்த எனக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரி வாசலில் அவளை இறக்கியபின் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தார். ஸ்டீயரிங் உறை வேர்வையில் நனைந்திருந்தது. முகத்தில் தூக்கக் கலக்கம் மாதிரி அதே பார்வை. "வண்டியைக் கழுவிப் போட்டு வந்தர்றனுங்க, நீங்கெல்லாம் டீ குடிங்க" என்று போய்விட்டார். குழந்தை பிழைத்துக்கொண்டது. அவர் மட்டும் கல்நெஞ்சக்காரர் ஆகிவிட்டார்.

மார்கழியில் பனி இறங்கும் காலையில், பனியன் டப்பாவுக்கு ஒட்டுகிற டேப்பில் சின்னத் துண்டு வெட்டி வைத்திருப்பார். இடது இமையைத் தூக்கிப் புருவத்தோடு சேர்த்து அதை ஒட்டிக்கொள்வார். கம்பெனி கேட் வருவதற்கு முன் பிய்த்தெடுத்துவிடுவார். தோல் சிவந்திருக்கும். "வலிக்கலீங்களாண்ணா?" என்று ஒரு நாள் கேட்டேன். "பழகிப் போச்சுங்க அம்மிணி" என்றார். என்னை விட வயதில் எவ்வளவோ மூத்தவர் என்றாலும் எங்கள் எல்லோரையும் அம்மிணி என்றுதான் கூப்பிடுவார், மரியாதையோடுதான் பேசுவார்.

பல்லடத்தில் ஒரு சிக்னல் உண்டு. விளக்குகள் உயரத்தில் தொங்கும். ஒரு நாள் டேப் ஒட்டியிருக்கவில்லை, பனியும் இல்லை. முன்னால் போன லாரி மஞ்சள் விளக்கில் கடந்து போயிற்று. லாரியின் பின்பக்கத்தைப் பார்த்தபடி இவரும் போனார். மேலே சிவப்பு எரிந்ததை நான் பார்த்தேன். "அண்ணா" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் பக்கவாட்டிலிருந்து பால்காரர் ஒருவர் மொபெட்டில் வந்துவிட்டார். வேன் அவரை உரசியது. கேன்கள் உருண்டன. ரோடெல்லாம் பால். பால்காரருக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை.

கம்பெனி ஹெச்.ஆர். ஓர் இளைஞர். என்னைக் கூப்பிட்டு, "நீங்கதான் பக்கத்துல இருந்தீங்க. தூங்குனாரா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. முழிச்சுத்தான் இருந்தாரு. கண்ணு ரெப்பை மறைச்சிருச்சுங்க."

"ரெண்டும் ஒண்ணுதானேங்க" என்றார் அவர்.

அப்போது அண்ணன் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். வேன் சாவியை மேசை மேல் வைத்தார். கண் டாக்டரிடம் சான்று வாங்கி வந்தால் மறுபடி ஓட்டலாம் என்றார்கள். தலையாட்டிவிட்டு வந்துவிட்டார்.

பால்காரர் வீட்டுக்குப் போய்ப் பார்த்திருக்கிறார். அங்கேயும் மோவாயைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறார், வேறு எப்படி நிற்க முடியும். "ஆளை அடிச்சுப் போட்டுட்டு நிமிந்து நிக்கறான் பாரு" என்று அந்த வீட்டார் சத்தம் போட்டிருக்கிறார்கள். திரும்பி வந்து, அடுத்த வாரமும் போயிருக்கிறார். இதை எனக்குச் சொன்னது அவருடைய மனைவி. "சாமி சத்தியமா இவரு வாயைத் தொறந்து, என் கண்ணு இப்படீங்கன்னு சொல்லலை கண்ணு. போயி நின்னுட்டு நின்னுட்டு வர்றாரு" என்றார்.

அந்த அக்கா அவருக்கு நேர் எதிர். மனதில் வந்ததெல்லாம் வாயில் வந்துவிடும். குழந்தைகள் இல்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து அவரே பேசிக்கொள்வார். கோயமுத்தூர் கண் ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று, "நீயும் வா கண்ணு. டாக்டரு கேட்டா இவரு ஆமாம்பாரு, இல்லைம்பாரு. எனக்கு நடுவுல கோவம் வந்துரும்" என்று என்னையும் கூட்டிக்கொண்டார்.

டாக்டர் ஒரு பெண். என்னை விடக் கொஞ்சம் மூத்தவராக இருப்பார். அண்ணனின் புருவத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கீழே பார்க்கச் சொன்னார், மேலே பார்க்கச் சொன்னார், இமை எவ்வளவு ஏறுகிறது என்று சின்ன ஸ்கேல் வைத்துப் பார்த்தார். புருவத்தை அழுத்தியதும் இடது இமை அசையவே இல்லை. அத்தனை வருடமும் நெற்றிதான் அந்தக் கண்ணைத் திறந்து வைத்திருந்தது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. பொழுது சாயச் சாய இமை இன்னும் இறங்குகிறதா, சாப்பாடு விழுங்கச் சிரமமா, இரண்டு இரண்டாகத் தெரிகிறதா என்றெல்லாம் கேட்டார். எல்லாவற்றுக்கும் "இல்லீங்க." ஐஸ் பையை இமை மேல் கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்தார்கள்.

"ஐஸ் வெச்சா ஏறிருமுங்களா?" என்றார் அக்கா.

"சில பேருக்கு நரம்பும் தசையும் சேர்ற இடத்துல பலவீனம் இருக்கும். அவங்களுக்கு ஐஸ் வெச்சா கொஞ்ச நேரம் இமை ஏறும். அப்படி இருந்தா ஆபரேசன் இல்ல, மருந்துதான். இவருக்கு அது இல்ல" என்றார் டாக்டர்.

பழைய போட்டோ இருந்தால் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அக்கா கல்யாண போட்டோவை எடுத்துக் கொடுத்தார். மாலையோடு, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு நிற்கிறார் மாப்பிள்ளை. "வெக்கப்படறாரு, நல்ல பையன்னு எங்க அப்புச்சி சொன்னாருங்க. கட்டுனதுக்கு அப்புறந்தான் தெரிஞ்சுது, ரெப்பையே அவ்வளவுதான்னு" என்றார். டாக்டர் சிரித்தார். அண்ணன் சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை.

டாக்டர் காகிதத்தில் ஒரு கண்ணை வரைந்து பொறுமையாகச் சொன்னார். இமையைத் தூக்குவதற்கென்று உள்ளே ஒரு தசை இருக்கிறது. வலது கண்ணில் அந்தத் தசைக்கு நல்ல பலம் இருக்கிறது, இமையோடு பிடித்திருக்கும் இடம் மட்டும் வயதில் தளர்ந்துவிட்டது. அதை இழுத்துச் சேர்த்துத் தைத்தால் போதும். கொஞ்சமாக இறங்கிய சிலருக்கு இமையின் உட்பக்கமாகவே சிறிது எடுத்துத் தைப்பதும் உண்டு, இவருக்கு அது போதாது. இடது கண்ணில் தசைக்குப் பலமே இல்லை. அதை எவ்வளவு இழுத்தாலும் நிற்காது. அந்த இமையை நெற்றித் தசையோடு ஒரு பட்டையால் இணைக்க வேண்டும். புருவத்தைத் தூக்கினால் இமை ஏறும். பட்டையைத் தொடையிலிருந்து எடுக்கலாம், அது உடம்போடு சேர்ந்து நீண்ட நாள் நிற்கும். சிலிக்கான் நூலும் போடலாம். பின்னால் வேண்டுமென்றால் தளர்த்தவோ இறுக்கவோ முடியும்.

"தொடையில வெட்டுனா கிளட்ச் எப்படீங்க மிதிக்கறது" என்றார் அக்கா. சிலிக்கான் என்று அங்கேயே முடிவாயிற்று.

"ஒண்ணும் பண்ணாம இருக்கறதும் ஒரு வழிதான். கண்ணாடியில ஒரு கம்பி வெச்சு இமையைத் தாங்கிக்கலாம். ஆனா வண்டி ஓட்ட நான் எழுதித் தர முடியாது" என்றார் டாக்டர். பிறகு, ஆபரேசன் செய்தால் இடது இமை தூக்கத்தில் முழுதாக மூடாது, கண் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், இரண்டு கண்ணும் ஒரே மாதிரி வரும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார்.

அண்ணன் ஒன்றே ஒன்று கேட்டார்.

"தலையை அண்ணாக்காம முன்னால பாக்கலாமுங்களா?"

"பாக்கலாம்."

"அப்ப பண்ணீருங்க."

மரத்துப்போக ஊசி போட்டு, ஆள் விழித்திருக்கும்போதே செய்தார்கள். நடுவில் உட்கார வைத்துக் கண்ணைத் திறக்கச் சொல்லி உயரம் பார்ப்பார்களாம். வெளியே வந்த நர்ஸ், "எத்தனை தடவை கேட்டாலும் வலிக்கலைங்கறாரு, இப்படி ஒரு ஆளைப் பாத்ததில்ல" என்றார். "வலிச்சாலும் அதேதானுங்க சொல்லுவாரு" என்றார் அக்கா.

வீக்கம் வடிய நாளாயிற்று. தையல் பிரித்த பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மோவாய் கீழே இருந்தது. அப்படி அவரை நான் பார்த்ததே இல்லை. கழுத்து இவ்வளவு குட்டையா என்று தோன்றியது. வலது கண் சாதாரணமாக இருந்தது. இடது கண் சற்று அதிகமாகத் திறந்து, ஏதோ சத்தம் கேட்டுத் திடுக்கிட்ட ஆள் மாதிரி இருந்தது.

"கட்டுப் பிரிச்சதும் முதல்ல என்ன சொன்னாருன்னு கேளு கண்ணு" என்றார் அக்கா. "என்னைப் பாத்து, உனக்குத் தலை இத்தனை நரைச்சிருச்சான்னு கேக்கறாரு. முப்பது வருசம் கழிச்சு இதைக் கேக்கத்தான் ஆபரேசனா?"

அதைச் சொன்னபோது அக்காவுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கையால் தலையைத் தடவிக்கொண்டார்.

சான்று கிடைத்தது, சாவியும் கிடைத்தது. சிக்னலை எல்லாம் தூரத்திலேயே பார்த்து நின்றார். தலைவலி போய்விட்டது. ஆனால் வேனில் பேச்சு மாறியது. முன்பு தூங்குகிறார் என்றவர்கள் இப்போது முறைக்கிறார் என்றார்கள். டிரைவர் கண்ணாடியில் பின்னால் இருப்பவர்களுக்குத் தெரிவது அவருடைய கண்கள் மட்டும்தான். இடது கண் இமைப்பதும் குறைந்துவிட்டது. புதிதாக வந்த பெண் ஒருத்தி ஹெச்.ஆரிடம் போய், "அந்தாளு கண்ணாடியில என்னயவே பாத்துக்கிட்டு வாராரு சார், எனக்குப் பயமாருக்கு" என்று சொல்லிவிட்டாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. வெளியூரில் தனியாக வந்து வேலை செய்கிற பெண். அவளுக்குத் தெரிந்தது ஒரு கண்.

நான் ஹெச்.ஆரிடம் போய் ஆபரேசனைப் பற்றிச் சொன்னேன். "புரியுதுங்க. ஆனா கம்ப்ளைண்ட்னு வந்துட்டா நான் என்ன பண்றது. அவரையே வந்து ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க" என்றார். அண்ணனிடம் சொன்னேன். கண்ணாடியை மேலே பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு இரண்டு நாள் ஓட்டினார். பின்னால் என்ன வருகிறது என்று தெரியாமல் வண்டி ஓட்டக் கூடாது என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். மூன்றாம் நாள் சாவியைக் கொடுத்துவிட்டார், வேறொரு டிரைவர் வந்தார்.

அக்கா என்னைக் கூப்பிட்டு அழுதார். நூலைக் கொஞ்சம் தளர்த்திவிட்டால் முகம் பழையபடி ஆகிவிடும் என்று டாக்டரே சொன்னதாகவும், இவர் வேண்டாம் என்கிறார் என்றும் சொன்னார். அண்ணனிடம் போய், "ஏனுங்ணா?" என்று கேட்டேன்.

"இருக்கட்டுங்க அம்மிணி. ஊட்டுல நல்லாத் தெரியுதுங்க" என்றார்.

அதன்பின் அவர் பக்கத்துத் தென்னந்தோப்பு ஒன்றுக்குக் காவலாகப் போனார். நாளெல்லாம் வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தார். அந்தப் பக்கம் போகும்போது பார்ப்பேன். அக்கா ஏதாவது பேசிக்கொண்டிருப்பார். அவர் தலையைச் சாய்க்காமல் நேராக அக்காவைப் பார்த்துக்கொண்டிருப்பார். வேறு யாரும் வேலை போய்விட்டதே என்று இரக்கப்பட்டால், "ஆமாங்க" என்பார்.

அக்கா போனது திடீரென்று. காலையில் கல்லில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. நான் போனபோது வீடு நிறைய ஆட்கள். அவர் பந்தலில் உட்கார்ந்திருந்தார். கண் விரியத் திறந்திருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. "பொண்டாட்டி கெடக்கறா, எப்படி முழிச்சுட்டு உக்காந்திருக்கறாரு பாரு" என்று யாரோ சொன்னார்கள். அவருக்கும் கேட்டிருக்கும். அவர் தலையைக் கூடத் திருப்பவில்லை.

காரியமெல்லாம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து என் வீட்டுக்கு வந்தார். இடது கண் ரத்தமாகச் சிவந்திருந்தது.

"கோயமுத்தூரு வரைக்கும் கூட வர்றீங்களா அம்மிணி? அந்த நூலைத் தளர்த்திக்கலாம்னு இருக்கறனுங்க."

"ஏனுங்ணா, என்னாச்சு?"

"தூங்கறப்ப மூட மாட்டேங்குதுங்க. அவதான் படுக்கறப்ப மருந்து போட்டு, ரெப்பையை இழுத்து மூடி ஒட்டி உடுவா. நானே போட்டா சரியா வர்றதில்லீங்க."

டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். கருவிழி காய்ந்து கீறல் விழுந்திருக்கிறது, தளர்த்துவதுதான் நல்லது என்றார். பிறகு, "மறுபடி இமை இறங்கும். அந்தக் கண்ணுல பாக்கத் தலையைத் தூக்க வேண்டியிருக்கும். பரவாயில்லையா?" என்று கேட்டார்.

"பரவாயில்லீங்க. இனி பாக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க" என்றார். எப்போதும் பேசுகிற குரல்தான். தென்னந்தோப்பில் மட்டை விழுந்ததைச் சொல்வது மாதிரி.

மரத்துப்போக ஊசி போட்டுச் சீக்கிரமே முடித்துவிட்டார்கள். இடது கண்ணில் கட்டோடு வெளியே வந்தார். மரப்பு தெளிந்ததும் வலிக்கும், அப்போது போடுங்கள் என்று மாத்திரை அட்டை ஒன்றை என்னிடம் கொடுத்தார்கள். மத்தியான பஸ். ஜன்னலோரம் அவரை உட்கார வைத்தேன். சூலூர் தாண்டும்போது, "வலிக்குதுங்களாண்ணா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க அம்மிணி."

கொஞ்ச தூரம் போனபின் அவராகவே பேசினார். அத்தனை வருடத்தில் அவராகப் பேச்செடுத்தது எனக்கு அது ஒன்றுதான் நினைவில் இருக்கிறது.

"உள்ளார வெட்டறது தெரிஞ்சுதுங்க. நூலை இழுக்கறதும் தெரிஞ்சுது. வலிதான் இல்லை. அவ போன அன்னிக்கிருந்து எனக்கு இப்படித்தானுங்க இருக்குது. எல்லாம் தெரியுது."

மாத்திரை அட்டையை அவர் கையில் கொடுத்தேன். சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பல்லடத்தில் இறங்கி, குண்டடம் பஸ் வரும் வரைக்கும் டீ குடித்தோம். ஊரில் இறங்கி அவர் வீட்டுப் பக்கம் நடந்தார்.

மறுநாள் காலையில் கம்பெனிக்குப் போன பிறகு போன் செய்தேன்.

"வலி எப்படீங்ணா இருக்குது? மாத்திரை போட்டீங்களா?"

"இல்லீங்க அம்மிணி" என்றார். "இன்னும் வர்லீங்க."